ஐயனார் காட்டில் நான் போட்ட நம்பர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருவாதவூர் பக்கம் ஒரு ஐயனார் கோயில் காட்டில் நடந்தது இது. கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரில் போய் அங்குள்ள மரங்களை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு மரத்திலும் சிவப்புப் பெயின்டில் நம்பர் போட்டு, சுற்றளவை அளந்து எழுதுவேன். பூசாரியிடம் அனுமதி வாங்கியதோடு சரி. ஊரில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்த திமிர்தான், வேறென்ன?

ஒருநாள் காலை போனால், காட்டுக்குள் ஊரே நிற்கிறது! மண்குதிரைகளைச் சுமந்துவரும் புரவியெடுப்புத் திருவிழாவுக்காகக் காட்டைச் சுத்தம் செய்ய வந்தவர்கள், பாதி வேலையில் என் நம்பர்களைப் பார்த்துவிட்டார்கள். வெட்டப்போகிற மரத்துக்குத்தான் நம்பர் போடுவார்கள் என்பது அவர்கள் அறிந்த வழக்கம்.

"எங்க சாமி மரத்த வெட்ட நீ யாரும்மா?" என்று ஒரு அண்ணன் சத்தம் போட்டார்.

"வெட்டுறதுக்கு இல்லண்ணே, அளக்குறதுக்குத்தான்."

"அளந்து என்னத்தக் கண்ட?" என்று கேட்டார், களைக்கொத்தோடு நின்ற ஒரு அக்கா.

அவர் காலடியில் கொத்திப் போட்ட செடிகள் குவிந்து கிடந்தன. பாதிக்கு மேல் உசிலை மரத்தின் கன்றுகள். அவற்றைக் காட்டிச் சொன்னேன். "இங்க நிக்கிறது பூரா வயசான மரம்க்கா. இளமரம் ஒண்ணுகூட இல்ல. வருசா வருசம் களைன்னு நெனச்சு நீங்க கொத்துறது இதுங்களோட பிள்ளைகளத்தான்."

அந்த அக்கா ஒரு கன்றை எடுத்துப் பார்த்தார்.

"இத யார்ட்டயாச்சும் சொன்னியா?"

"எங்க ஆபீசுக்கு இங்கிலீஷ்ல முதல் அறிக்கை எழுதி அனுப்பிட்டேன்."

"காடு எங்களுது. சேதி மட்டும் இங்கிலீசுக்காரனுக்கா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் துள்ளுகிறது மனசு. பாதையை மட்டும் சுத்தம் செய்தால் போதும் என்று அங்கேயே முடிவானது. உசிலை இலை எப்படி இருக்கும், வீரை மரத்து இலை எப்படி இருக்கும் என்று காட்டினேன். அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கம் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

"இங்கிட்டு ஒண்ணு!"

"ஆத்தாடி, இங்க அம்புட்டுக் கெடக்கு, ஓடியாங்க!"

ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் ஒரு குச்சியை நட்டு மஞ்சள் துணி கட்டினோம். சாமி காடு என்பதால் காலில் செருப்பில்லை. முள் தைத்ததுகூடத் தெரியாமல் நான் குரல் வந்த பக்கமெல்லாம் ஓடினேன். திருவிழாவுக்கென்று அவர்கள் கொண்டுவந்த துணி போதவில்லை. சத்தம் போட்ட அதே அண்ணன் தன் துண்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு, "அந்தப் பெயின்ட்ட இங்கிட்டுக் குடும்மா" என்று வாங்கி, கன்றுகளுக்குப் பக்கத்தில் கல் வைத்து, அதில் நான் விட்ட நம்பரிலிருந்து தொடர்ந்து எழுதினார்.

இந்த வருடம் அளக்கப் போனபோது, பல கன்றுகள் என் இடுப்பளவு வந்திருந்தன. என் கையிலிருந்த டேப்பை வாங்கி அந்த அக்காவே அளந்தார், எழுதிக்கொள்வது மட்டும்தான் என் வேலை. இப்போதெல்லாம் அறிக்கையை அனுப்பியதும் என் வேலை முடிந்துவிட்டதாக நான் நினைப்பதில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த அக்காவிடம் போய்ச் சொன்ன பிறகுதான் முடிகிறது.