புது லாடம்

என் கல்யாணச் சீராக வந்த ஷோகேஸில் என் பொருள் என்று இன்று எதுவும் இல்லை. மூன்று தட்டிலும் அவள் ஜெயித்த கோப்பைகள். என் டின்னர் செட்டை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றியவர் என் வீட்டுக்காரர். அவள் என்று நான் சொல்வது, அவர் வளர்த்த பெண் குதிரையை.

பூந்தமல்லியில் அவருக்கு வெல்டிங் பட்டறை. குதிரை வண்டிப் பந்தயம் என்றால் பட்டறை ஷட்டர் இறங்கிவிடும். வண்டியைப் பூட்டித் தானே ஓட்டுவார். ஐந்து வருஷம் அவளை யாரும் முந்தவில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், எங்கே போனாலும் மாலையோடுதான் வருவாள். ஜெயித்த அன்று தெருவே வெல்லக்கட்டி கொண்டுவந்து ஊட்டும். நான் மட்டும் ஒரு நாளும் ஊட்டியதில்லை. "இன்னாமே, உனக்கு மட்டும் கை வரலியா?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்பாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விடுவேன்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கான கொள்ளை அவரே வேகவைத்து, கையை விட்டுச் சூடு பார்ப்பார். நான் காய்ச்சலில் கிடந்தபோது ஓட்டல் இட்லிப் பொட்டலம் தலைமாட்டில் இருந்தது, அவ்வளவுதான். பிடரி மயிரைச் சீவிக்கொண்டே அவளிடம் மணிக்கணக்காகப் பேசுவார். என்னிடம் பேசுவது சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று மட்டும். சக்களத்தி மனுஷியாக இருந்தாலாவது முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன்.

அவளுடைய கடைசிப் பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய புதனன்று வேப்பம்பட்டில் என் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். அன்றுதான் லாடம் அடிக்கிறவரும் வருவதாக இருந்தது. பந்தயத்துக்கு நாலு நாள் முன்பே லாடம் அடித்துவிட வேண்டும் என்பதில் இவர் கண்டிப்பு. புது இரும்பு வழுக்கும். தார் ரோட்டில் நாலு நாள் நடந்து தேய்ந்தால்தான் பிடிமானம் வரும். இது எனக்கும் நன்றாகத் தெரியும்.

"நீ போய்ட்டு வா. நான் எதுக்கு?" என்றார்.

"எல்லா விசேஷத்துக்கும் தனியாத்தான் போறேன். புருஷன் கீறாரா இல்லியான்னு கேக்குறாங்க. அவளா நானான்னு இன்னிக்குச் சொல்லிடு."

பின்பக்கக் கொட்டகையை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு லாடக்காரருக்குப் போன் போட்டுச் சனிக்கிழமைக்கு மாற்றினார்; அதற்கு முன் அந்த ஆளுக்கு நாள் ஒழியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். பைக்கில் திரும்பும்போது அவர் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தேன். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஞாயிறு காலை அவள்தான் முதலில் வந்துகொண்டிருந்தாளாம். மெட்ரோ வேலைக்குத் தோண்டிய பள்ளத்தின் மேல் இரும்புத் தகடு போட்டிருந்தார்கள். போன பந்தயத்திலும் அதே தகட்டைத் தாண்டித்தான் ஓடினாள். இந்த முறை புது லாடம் வழுக்கி, முன்னங்கால் முறிந்தது. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி நிற்காது என்று சொல்லி ஊசி போட்டார். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு இவர் வாய்விட்டு அழுததாகப் பக்கத்துக் கடைக்காரர் வந்து சொன்னார். அதைக் கேட்டபோதும் என் மனதில் முதலில் வந்தது, எனக்காக இந்த மனுஷன் இப்படி அழுவாரா என்பதுதான்.

ஒரு மாதம் கழித்து, தாங்க முடியாமல் நானே ஆரம்பித்தேன். "அன்னிக்கு நான் உன்னக் கூப்பிடாம இருந்தா, அவ உயிரோட இருந்திருப்பா இல்ல?"

அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "சாப்டுமே, ஆறிப்போவுது" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆனால் திட்ட வேண்டுமென்றால் அவளைப் பற்றி என்னிடம் பேசியாக வேண்டும். அதற்கு அவருக்கு மனசில்லை. கை கழுவிவிட்டுப் பின்பக்கம் போனார். காலிக் கொட்டகையில் அவர் பேசிக்கொண்டிருந்தது சமையலறை வரை கேட்டது.