ஐந்தாவது ஜன்னல்

இதை நான் யாருக்கும் நிரூபிக்கப் போவதில்லை. கேட்டு முடித்துவிட்டு "மனப்பிரமை" என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லட்டும். அன்றைக்கு என்னோடு இருந்த டிரைவர் இன்றும் நல்லபடியாக இருக்கிறார். அந்தச் சத்தத்தை அவரும் கேட்டார்.

நகரத்துச் சுவர்களில் யாராவது எதையாவது வரைந்து வைத்தால், அதன் மேல் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்து அழிப்பது என் வேலை. காலை நாலரைக்கு வண்டி எடுப்போம். கூட்டம் கிளம்புவதற்குள் முடித்துவிட வேண்டும். வண்டி ஓட்டுபவரை எல்லோரும் 'ஹாரன்' என்றுதான் கூப்பிடுவோம். ஈ காக்கை இல்லாத ரோட்டிலும் ஹாரன் அடித்துக்கொண்டே போவார்.

வரைவது என் தங்கை.

பகலில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பாள். ராத்திரியில் சுவர்களில் ஜன்னல் வரைவாள். ஜன்னல் மட்டும்தான். மஞ்சள் திரை, உள்ளே ஒரு விளக்கு, ஒரு மர நாற்காலி. எங்கள் வீட்டு முன்னறைதான் அது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நிஜ ஜன்னல் என்று எட்டிப் பார்ப்பார்கள். "ஏன் இதையே வரையற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஜன்னலே இல்லாத சுவரைப் பார்த்தா எனக்கு மூச்சு முட்டுதுண்ணா."

அவள் வரைவாள். நான் அழிப்பேன். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. "நாளைக்கு டெப்போ சுவர், ரெண்டு டப்பா சேர்த்து எடுத்துட்டு வா" என்று சாப்பிடும்போது அவளே சொல்லிச் சிரிப்பாள். அம்மா எங்கள் இருவர் தலையிலும் குட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் கேமராவில் பதிவான படம் ஒன்றைக் காட்டினார். அதில் முகம் தெரியவில்லை. ஆனால் அவள் போட்டிருந்தது என் பழைய சட்டை. வேலை போய்விட்டால் வீட்டு வாடகைக்கு எங்கே போவது? அந்தப் பயத்தை அப்படியே கொண்டுவந்து அவள் மேல் கொட்டினேன். கடைசியாக ஒன்று சொன்னேன்.

"இனிமே என் கண்ணுல படாத."

"சரிண்ணா."

அவ்வளவுதான் சொன்னாள். இரவு 9.10. சார்ஜரில் கிடந்த போனைக்கூட எடுக்காமல் கிளம்பிப் போனாள். பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை முழுக்க வரவில்லை. மருந்துக் கடைக்கும் போகவில்லை. தோழி வீட்டில் விசாரித்தேன், அங்கேயும் இல்லை. "போலீஸ்ல சொல்லிடலாம்டா" என்றாள் அம்மா. விடிந்ததும் போகலாம் என்றேன்.

செவ்வாய் காலை 4.50. டெப்போ சுவரில் ஒரு ஜன்னல்.

அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மஞ்சள் திரை, நாற்காலி, விளக்கு, எல்லாம் அவள் கைதான். தரை மட்டும் ஏதோ பளபளவென்று இருந்தது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"போலீஸ் எல்லாம் வேணாம்மா. ராத்திரி வந்து வரைஞ்சிருக்கா. நல்லாத்தான் இருக்கா. கோபம் தீர்ந்தா தானா வருவா."

"சாப்பிட்டாளாடா?"

"படம் போடத் தெம்பு இருக்கே!"

சொல்லிவிட்டு ஜன்னலை அழித்தேன்.

புதன்கிழமை, அதே ரோட்டில் கொஞ்சம் தள்ளி, பள்ளிக்கூட மதில். அந்த ஜன்னலுக்குள் நாற்காலியின் கால்கள் தண்ணீரில் நின்றன. இரவெல்லாம் கொட்டிய மழையில் படத்தின் ஒரு கோடுகூடக் கலையவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது, ஐஸ் மாதிரி சில்லென்று. பெயிண்ட் வாடையே இல்லை. துருப்பிடித்த இரும்பு வாடை...

சாம்பல் நிறம் அடித்துவிட்டு, அது காய்வதற்குள் விரலால் எழுதினேன். 'வீட்டுக்கு வா.'

மறுநாள் 5.05. பாலத்துக்கு முன்னால் இருக்கும் சுவர். இந்த ஜன்னலில் நாற்காலி மிதந்தது. கண்ணாடியில் ஆவி படிந்திருப்பதுபோல வரைந்து, அதில் விரலால் எழுதியிருந்தாள். எழுத்துகள் இடவலம் மாறியிருந்தன. உள்ளே இருப்பவர் எழுதியதுபோல.

'வர முடியாது.'

"திமிரைப் பாருங்க" என்றேன். ஹாரனும் சிரித்தார். எனக்கு மனசுக்குள் சந்தோஷம்தான். பதில் சொல்கிறாள் அல்லவா? அப்படியென்றால் கோபம் குறைகிறது.

அந்த இரண்டு வார்த்தையை வீம்பு என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படியும் படிக்கத் தோன்றவில்லை எனக்கு.

வெள்ளிக்கிழமை ஜன்னலில் விளக்கு அணைந்திருந்தது.

அன்று இரவு மழை இன்னும் பலத்தது.

சனிக்கிழமை, 5.31. சுரங்கப் பாதை. வண்டியை மேலேயே நிறுத்திவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் இறங்கி நடந்தோம். ஏழு மணிக்கு யாரோ பெரிய அதிகாரி அந்த வழியாக வருவதாகச் சூப்பர்வைசர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

ஐந்தாவது ஜன்னல் அங்கே இருந்தது.

உள்ளே முழுக்கத் தண்ணீர். மேலே ஒரு சாண் மட்டும் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு முகம், அண்ணாந்து...

அவள் இதுவரை எந்த ஜன்னலிலும் ஆளை வரைந்ததில்லை.

டொக்.

திரும்பிப் பார்த்தேன். ஹாரனைத் தவிர யாரும் இல்லை.

டொக்... டொக்...

"என்னப்பா சத்தம்?" ஹாரனின் குரல் உடைந்திருந்தது.

"தெரியல."

சுவரில் காதை வைத்தேன். கெட்டியான கான்கிரீட். உள்ளேயிருந்து...

டொக்.

"சீக்கிரம் அடிச்சு முடி. போயிடலாம். எனக்கு இங்க ஒரு மாதிரி இருக்கு."

போன் அடித்தது. சூப்பர்வைசர்.

ரோலரை எடுத்தேன்.

கீழிருந்து அடித்துக்கொண்டே போனேன். தண்ணீர் மறைந்தது. திரை மறைந்தது.

முகம் மட்டும் மிச்சம்.

கண் என்னைப் பார்த்தது...

நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன்.

5.52.

சத்தம் நின்றுவிட்டது.

பத்து மணிக்குச் சுரங்கப் பாதையில் தண்ணீரை வெளியேற்ற மெக்கானிக் வந்தார். மாதக்கணக்கில் ஓடாத பம்ப். பம்ப் அறை அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. இரும்புக் கதவின் தாழ்ப்பாள் வெளியே விழுந்து இறுகியிருந்தது. அதை உடைத்துத் திறந்தார்கள். உள்ளே என் தங்கை.

ஞாயிறு இரவு மழைக்கு ஒதுங்கியிருக்கிறாள். காற்றில் கதவு அடித்துச் சாத்தியிருக்கிறது. ஆறு நாட்கள். கீழே ஊறி ஏறிய தண்ணீரில், பம்ப் மேடையின் மேல், கடைசிவரை நின்றிருக்கிறாள். இரண்டு கை முட்டிகளிலும் தோல் இல்லை.

அப்படியானால் அந்த ஐந்து ஜன்னல்களை வரைந்தது யார்? தெரியாது. இன்றுவரை தெரியாது.

அம்மா ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் தங்கையின் போனை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் வெளியே வந்தார். என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னைக்குக் காலைலதான் உயிர் போயிருக்கு. அஞ்சு, ஆறு மணி வாக்குல."

கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

"அந்த ரூம்ல பெயிண்ட் ஏதாவது இருந்துச்சா?"

"இல்லையே... ஏன் சார்?"

"மூக்கு, வாய் எல்லாம் பெயிண்ட் அடைச்சிருக்கு. சாம்பல் கலர். இன்னும் காயக்கூட இல்ல."

என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.