பஸ் நகரும்வரை நின்றவர்

தொண்ணூறுகளில், துடியலூரிலிருந்து நான் ஆபீசுக்குப் போன டவுன் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். ஒல்லியான உடம்பு. தொடைகள் மட்டும் காக்கி பேண்ட்டை இறுக்கிக்கொண்டு திரண்டிருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீழே இறங்கி நின்று விசில் அடிப்பார். பஸ் நகர்ந்து கொஞ்ச தூரம் போகும்வரை அசைய மாட்டார். பிறகுதான் ஓடிவந்து பின்படியில் ஏறுவார். கால் தரையில் படுகிறதா என்று சந்தேகம் வரும், அப்படி ஒரு ஓட்டம்.

ஒருநாள் பின்சீட்டிலிருந்து கேட்டுவிட்டேன். "ஏனுங்க, ஏறிட்டு விசில் அடிச்சா ஆகாதுங்களா?"

"காலேஜுல நூறு மீட்டர் ஓடுனவனுங்க நான். மாநிலப் போட்டியில துப்பாக்கி வெடிக்கறதுக்கு முன்னாலயே கிளம்பிப்போட்டேன். மறுபடி நிக்க வெச்சாங்க. மறுபடியும் அதேதானுங்க. வெளிய அனுப்பிப்போட்டாங்க."

"அத்தனை அவசரமுங்களா?"

"பயமுங்க. பக்கத்துல நிக்கறவன் முந்திக்குவானோன்னு. காலுக்கு மணல்ல ஓட உட்டாங்க, முட்டை குடுத்தாங்க. மனசுக்கும் பயிற்சி வேணும்னு ஆருக்கும் தோணலீங்க." டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்தார். "அதான் இப்பப் பழகிக்கறேன். மத்தவங்க முன்னால போறதைப் பாத்துட்டு நிக்கறதுக்கு."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. அவர் நின்றார். 'ஓடுங்க' என்று கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு.

அப்புறம் ஓடிவந்தார். அவ்வளவு அழகான ஓட்டம். பார்த்தது பின்சீட்டில் இருந்த நாங்கள் நாலைந்து பேர்தான். எங்களுக்கும் ஆபீசுக்கு நேரமாகிவிட்டதே என்ற கவலை.