மூன்றாம் பீரங்கியும் குளியல் தொட்டியும்

க்ளெம் ஹாஸ்லம் நாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தான் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவன் சேர்ந்தது கடற்காற்றுக்காக. லங்காஷயரில் ராம்ஸ்க்ளஃப் என்கிற கரிப்புகை ஊரில், எண்ட்விசில் மில்லில் அவன் நெசவாளி. வருஷத்துக்கு ஒரு வாரம் மில் மூடுவார்கள். அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. உள்ளூர்ப் பீரங்கிப் படையில் பேர் கொடுத்து வைத்தாலோ, அதே வாரம் கடலோரத்தில் கூடாரம், மூன்று வேளைச் சாப்பாடு, சாயங்காலம் பீர்.

"சும்மா கெடைக்குற கடல்காத்த வேணாம்னு சொல்ல நான் என்ன கிறுக்கனா?" என்று மனைவி எட்னாவிடம் கேட்டான்.

"முதலாளி எதையாச்சும் சும்மா குடுத்து நீ பாத்திருக்கியா?" என்றாள் எட்னா. அவளும் அதே மில்லில் நாலு தறி பார்த்தவள்.

அவள் வாய் முகூர்த்தம், ஜெர்மன்காரனோடு சண்டை வந்துவிட்டது. கடலோரக் கூடாரத்தில் இருந்தவர்களை அப்படியே அள்ளிக் கப்பலில் போட்டு லிபியாப் பாலைவனத்தில் கொட்டினார்கள். மணலுக்குக் குறைவில்லை, கடலைத்தான் காணோம்.

அந்தப் பீரங்கிப் படையைப் படை என்று சொல்வதே தப்பு. மில்லைப் பெயர்த்து மணலில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். முதலாளியின் மகன் லயனல் எண்ட்விசில் மேஜர். மில் மேனேஜரின் மருமகன் கேப்டன். தறி மேஸ்திரி வால்ம்ஸ்லி சார்ஜெண்ட். தறி ஓட்டியவர்கள் எல்லாம் பீரங்கி சுடுகிற கன்னர்கள். ஊரில் யார் யாரை அதட்டினார்களோ, அவர்களே இங்கேயும் அவர்களையே அதட்டினார்கள். ஜெர்மன்காரன் மட்டும்தான் ஆள் புதுசு.

தண்ணீர் பெட்ரோல் நாற்றம் அடித்தது. டீ உப்புக் கரித்தது. டின் மாட்டிறைச்சி வெயிலில் உருகி எண்ணெயாக ஓடியது, அதைக் கரண்டியால் மொண்டு தின்றார்கள். ஈ வாய்க்குள் போகாமல் ஒரு கவளம் தின்றவன் அந்தப் படையிலேயே கிடையாது. மேஜருக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. அதிகாரிகளின் சாப்பாட்டுக்கென்று ஒரு பெரிய லாரி தனியாக வந்தது. மெஸ் லாரி என்று பேர். அதில் தேக்கு மேஜை, வெள்ளை விரிப்பு, விஸ்கிப் பெட்டி, கிராமஃபோன், அப்புறம் மேஜர் குளிப்பதற்கென்று ஒரு தகரத் தொட்டி. குடிக்கத் தண்ணீர் அளந்து ஊற்றுகிற ஊரில் மனுஷன் தொட்டியில் உட்கார்ந்து முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார்!

இனி ராம்ஸ்க்ளஃப் ஆட்களின் ஒரு வித்தையைச் சொல்லியாக வேண்டும். நூற்றுக்கணக்கான தறிகள் ஓடுகிற கூடத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் நெசவாளிகள் சத்தமே இல்லாமல், வாயை அகலமாக அசைத்துப் பேசுவார்கள். எதிர்ச் சுவரோரம் நிற்கிறவள் என்ன சொல்கிறாள் என்று இந்தச் சுவரோரத்திலிருந்து படித்துவிடுவார்கள். தறிவாய் என்பார்கள் அதை. கூடத்தின் மூலையில் நின்று முதலாளி மேனேஜரிடம் எந்த ரகசியத்தைக் கிசுகிசுத்தாலும், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். யார் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று மூன்று தலைமுறையாக எண்ட்விசில் குடும்பம் தேடிக்கொண்டிருந்தது. தங்கள் வாய்தான் காட்டிக்கொடுக்கிறது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. நெசவாளி தறியைத்தானே பார்ப்பான், நம் முகத்தை எதற்குப் பார்க்கப்போகிறான் என்கிற நினைப்பு.

நாற்பத்திரண்டாம் வருஷக் கோடையில் ஜெர்மன் டாங்கிகள் விரட்ட, மொத்தப் பட்டாளமும் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. 'பின்வாங்கல்' என்பது அதிகாரிகளின் வார்த்தை. ஓடினார்கள். முந்தின நாள் விழுந்த குண்டில் மூன்றாம் பீரங்கியை இழுக்கிற வண்டி எரிந்து கரியாகிவிட்டது. க்ளெம் அந்த மூன்றாம் பீரங்கியின் ஆள். மற்ற பீரங்கிகளுக்கு வண்டி இருக்கிறது, நமக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று ஆறு பேரும் காலையிலிருந்து அதிகாரிகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் மேஜரும் கேப்டனும் எதிர்மேட்டில் ஏறி நின்று பேசினார்கள். கூப்பிட்டால்கூடக் கேட்காத தூரம். க்ளெம் பீரங்கியின் குறிபார்க்கும் கண்ணாடியை மெல்லத் திருப்பி மேஜரின் முகத்தில் வைத்தான். சாதாரணமாக மேஜரின் வாயைப் படிக்கவே முடியாது. பணக்காரப் பள்ளிக்கூடத்தில் உதட்டை அசைக்காமல் பேசக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் அவரைத் தூக்கி வளர்த்தது ஒரு நெசவாளி வீட்டுப் பெண். பயம் வந்துவிட்டால் பள்ளிக்கூடம் பறந்துபோய், ஊர்வாய் அகலமாகத் திறந்துகொள்ளும். அன்றைக்கு அது நன்றாகவே திறந்திருந்தது.

"இருட்டினதும் கெளம்பறோம். மூணாம் நம்பர் இங்கயே கெடக்கட்டும். டாங்கி வந்தா கொஞ்ச நேரம் தாக்குப் பிடிப்பானுங்க, அதுக்குள்ள நாம போயிடலாம்."

கேப்டனின் முதுகுதான் தெரிந்தது. அவர் ஏதோ கேட்டார்.

"மெஸ் லாரியா? அதுல கட்டி இழுக்கலாம்தான். சாமான் பூரா எறக்கணுமே! ஞாயித்துக்கிழமை கர்னல் சாப்பிட வர்றாரு, தரையிலயா உக்கார வைப்பே?"

மறுபடி கேப்டன்.

"அவனுங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? காலையில வண்டி வரும்னு சொல்லு, போதும்."

ஆறு உயிர். காலையில் வண்டி வராது, டாங்கிதான் வரும். க்ளெம் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்துப் பக்கத்தில் குண்டுப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த சைலஸ் டூட்டிலிடம் சொன்னான், மெஸ் லாரியில் போகிற மேஜை, தொட்டி உள்பட. சைலஸ் அவனுக்குப் பக்கத்துத் தறிக்காரன், ஊரில் பக்கத்துத் தெருக்காரன்.

"தொட்டியா? குளிக்கிற தொட்டியா?" என்றான் சைலஸ்.

"ஆமாடா."

"என்னைய விட்டுட்டுத் தொட்டியக் கூட்டிட்டுப் போறாரா?"

"தொட்டிக்குக் கைப்பிடி இருக்குல்ல. உன்ன எங்க புடிச்சுத் தூக்குறது?"

சைலஸ் சிரித்தான். சிரித்து முடித்ததும் அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "போயி அந்த ஆளு மூஞ்சியில ஒண்ணு வெச்சிட்டு வரேன்" என்று எழுந்தான்.

"வெச்சேன்னா டாங்கி வர்றதுக்கு முன்னாடி நம்மாளுங்களே உன்னச் சுட்டுடுவானுங்க. உக்காரு" என்று க்ளெம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

பிறகு குண்டுப் பெட்டிமேல் ஏறி நின்று, இரண்டாம் பீரங்கியைப் பார்த்து வாயைத் திறந்தான். சத்தம் ஒரு பொட்டு இல்லை. அங்கே சார்ஜெண்ட் வால்ம்ஸ்லி கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி என்றாலே ஊரில் இளக்காரம். மேஸ்திரியின் முட்டாள்தனத்தைப் பற்றி ராம்ஸ்க்ளஃபில் கதை சொல்லாத சாராயக்கடை கிடையாது. க்ளெமே அவரைப் பற்றி ஏழெட்டுக் கதை கட்டிவிட்டவன். அந்த ஆள் முழுசையும் படித்தார். டீயை மணலில் கொட்டினார். "சரி, நான் பாத்துக்கறேன்" என்று உதட்டை அசைத்துவிட்டு, முதலாம் பீரங்கியின் பக்கம் திரும்பினார்.

இதற்குள் கேப்டன் இறங்கி வந்துவிட்டார். க்ளெம் அப்போது நாலாம் பீரங்கிக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருந்தான்.

"என்ன ஹாஸ்லம், கொட்டாவியா?"

"இல்லீங்கய்யா. ஈ ஒண்ணு உள்ள போயிடுச்சு. வெளிய வர வழி காட்டறேன்."

கேப்டன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீங்க கடைசியாக் கெளம்புவீங்க. காலையில வண்டி வரும்."

"ரொம்பச் சந்தோசமுங்கய்யா" என்றான் க்ளெம். கேப்டன் நிமிர்ந்து பார்க்காமலே போய்விட்டார். அந்த ஆளுக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தது; அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

பொழுது சாய்ந்ததும் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. முதலாம் பீரங்கியின் வண்டி இருமியது, கிளம்பவில்லை. இரண்டாவது இருமக்கூட இல்லை. நாலாம் பீரங்கியில் கொக்கி மாட்டவில்லை. நாலு பேர் அதைச் சுற்றி நின்று எழவு வீட்டு முகத்தோடு கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே டாங்கிகளின் உறுமல் மெல்லக் கேட்க ஆரம்பித்தது. இவர்கள் மனசு மாறி வண்டியைக் கிளப்பிவிட்டால்? எல்லாருக்கும் வீடு இருக்கிறது, பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. கிளப்பினாலும் குற்றம் சொல்ல முடியாது என்று க்ளெம் நினைத்தான்.

மேஜர் ஓடி வந்தார். "என்னய்யா இது? என்ன ஆச்சு?"

வால்ம்ஸ்லி விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். "தெரியலீங்கய்யா. மில்லுலயும் இப்பிடி வரும். ஒரு தறி நின்னா பக்கத்துத் தறியும் நின்னுடும். என்ன பண்ணாலும் ஓடாது. அந்த மொதல் தறியச் சரி பண்ணாத்தான்..."

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. தறி அப்படி வரிசையாக நின்றால் அதற்கு என்ன பேர் என்று முதலாளி வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். அவர் சுற்றிலும் பார்த்தார். ஒருவன் வாயும் திறக்கவில்லை, ஒருவன் கையும் ஓங்கவில்லை. யாரைப் பிடித்து எந்தக் குற்றம் எழுத? எல்லாரும் வேலைதான் செய்துகொண்டிருந்தார்கள், படு மும்முரமாக. உறுமல் இன்னும் கிட்டத்தில் கேட்டது.

"மெஸ் லாரியக் காலி பண்ணுங்க!" என்று மேஜர் கத்தினார். குரல் கீச்சென்று போனது. "மூணாம் நம்பர அதுல கட்டுங்க!"

தேக்கு மேஜை விழுந்தது. கிராமஃபோன் விழுந்தது. தொட்டியை சைலஸ் தன் கையாலேயே தூக்கி, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் மணலில் வைத்தான். விஸ்கிப் பெட்டி விழவில்லை. அது எப்படியோ ஆறு பேரின் மூட்டைக்குள் போய்விட்டது. மூன்றாம் பீரங்கியின் கொக்கி மாட்டிய சத்தம் கேட்டதோ இல்லையோ, மற்ற மூன்று வண்டிகளும் ஒரே சமயத்தில் கிளம்பின. கொஞ்சமாவது தாமதித்துக் கிளம்புவோம் என்கிற வெட்கம்கூட இல்லை அந்த வண்டிகளுக்கு.

மறுநாள் புதிய இடத்தில் மேஜர் மூன்றாம் பீரங்கிக்கு வந்தார். ஆளுக்கொரு சிகரெட் நீட்டினார். உதடு பழையபடி இறுகிவிட்டிருந்தது.

"உங்களை விட்டுட்டு நான் போயிருப்பேனா? என் ஆளுங்கப்பா நீங்க."

க்ளெம் சிகரெட்டை வாங்கிக்கொள்ளவில்லை. முதலாளிமார் முன்னால் சத்தமாகப் பேசியே அறியாதவன், அன்றைக்கு வாய்விட்டுக் கேட்டான். "எங்க பேரச் சொல்லுங்கய்யா."

"என்ன?"

"நாங்க ஆறு பேரு. உங்க ஆளுங்கதானே? எங்க அப்பனுங்களும் உங்க மில்லுலதான் கெடந்து செத்தானுங்க. பேரு சொல்லுங்க."

"ஹாஸ்லம்" என்றார் மேஜர். அது தெரியாமல் இருக்குமா? எட்னா மில் வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்று கத்தியவள். அந்தக் குடும்பம் அந்தப் பேரை மறக்காது. அடுத்த ஆளைப் பார்த்தார், அதற்கடுத்த ஆளைப் பார்த்தார். வாய் திறந்து மூடியது. கடைசியில் க்ளெமின் சட்டையைப் பார்த்து, அதில் ஒரு பொத்தான் இல்லை என்று கண்டுபிடித்தார். ஒழுங்கீனமான உடைக்காக, அதிகாரிகளுக்குக் கக்கூஸ் குழி தோண்டும் தண்டனை.

பாறை மாதிரி இறுகிய மண். க்ளெம் கடப்பாரையைத் தூக்கினான். மற்ற ஐந்து பேரும் கேட்காமலே மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். விடிந்ததும் மேஜர் அவசரமாக, கையில் கக்கூஸ் காகிதத்தோடு வந்தார். ஆறு பேரும் குழியைச் சுற்றி விறைப்பாக நின்றார்கள்.

"கன்னர் சைலஸ் டூட்டில், ஐயா!" என்று சைலஸ் அடிவயிற்றிலிருந்து கத்திச் சல்யூட் வைத்தான். பதில் சல்யூட் வைக்காமல் விட முடியாது, பட்டாளத்துச் சட்டம். மேஜர் காகிதத்தை இடது கைக்கு மாற்றிச் சல்யூட் வைத்தார்.

"கன்னர் ஏமஸ் ஷார்ப்பிள்ஸ், ஐயா!"

காகிதம் கீழே விழுந்தது. ஷார்ப்பிள்ஸ் அதை எடுத்துத் தட்டிக் கொடுத்தான். கேட்டரால், ப்ரியர்லி, ராம்ஸ்பாட்டம், கடைசியில் ஹாஸ்லம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சல்யூட். முகம் வெளிறி, முழங்காலை முழங்காலோடு அழுத்திக்கொண்டு, மேஜர் ஆறு பேரையும் கேட்டுத் தீர்த்தார். அந்த வாரம் முழுக்க, காலை தவறாமல், அதே அணிவகுப்பு.

ஒரு பீரங்கியைக்கூட எதிரியிடம் விடாமல் கொண்டுவந்த துணிச்சலுக்காக மேஜருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். இலையுதிர்காலத்துப் பெரிய சண்டையில் மூன்றாம் பீரங்கிமேல் குண்டு விழுந்தது. சைலஸும் ஷார்ப்பிள்ஸும் செத்துப்போனார்கள். க்ளெமுக்குக் காது இரண்டும் போனது.

சண்டை முடிந்து ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக சைலஸின் மனைவி ஆனியைப் பார்க்கப் போனான். அவள் மில்லிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள், தலைமயிரில் பஞ்சு. காது கேட்காதவனிடம் பேச ராம்ஸ்க்ளஃபில் யாரும் சிரமப்படுவதில்லை. அவள் சத்தமில்லாமல் வாயசைத்தாள்.

"சின்ன முதலாளி கைப்படக் கடுதாசி எழுதிப் போட்டிருந்தாரு, க்ளெம். 'கன்னர் சைலஸ் டூட்டில்'னு முழுப் பேரு. பதினஞ்சு வருசம் எங்க சைலஸ் அந்த மில்லுல ஒழச்சான், ஒரு நாளாச்சும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. அங்க அவன நல்லாத் தெரிஞ்சு வெச்சிருந்திருக்காரு, பாரு. எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ரெண்டு பேரும் நல்லாப் பேசிக்குவாங்களா?"

க்ளெமும் சத்தமில்லாமல் வாயசைத்தான்.

"தெனமும் காலையில, ஆனி" என்றான்.