தியேட்டரம்மாவின் வண்டி கப்பலேறுகிறது

மோட்டார் சைக்கிளுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எஞ்சினின் அடிப்பாகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார் தியேட்டரம்மா. தலையில் பச்சைத் துணித்தொப்பி, கையில் ரப்பர் உறை. ஓர் இடத்தைத் தேய்ப்பார், டார்ச் அடித்துப் பார்ப்பார், வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்துத் துணியை முகத்துக்கு நேரே பிடிப்பார். துணியில் ஏதாவது தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. காலையில் நான் மாடியிலிருந்து இறங்கி வேலைக்குப் போகும்போது எஞ்சினில் இருந்தவர், திரும்பி வரும்போதும் எஞ்சினில்தான் இருந்தார்.

"இன்னும் முடியலையாக்கா?"

"இது வெறும் குளியல்தான் தம்பி. ஆபரேஷன் இனிமேதான்."

பெயரைக் கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர், "உங்க தியேட்டர்ல இப்ப என்ன படம் ஓடுது?" என்று கேட்டுவிட்டார். "எங்க தியேட்டர்ல வர்றவங்க எல்லாம் தூங்கிடுவாங்க, படத்தை யாரு பாக்குறது?" என்றார் இவர். பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் கையை நீட்டினால் கேட்காமலே கத்தரியை வைத்துப் பழகிய கை. வீட்டிலும் அதே கைதான். கணவர் தண்ணீர் கேட்டால் டம்ளரை உள்ளங்கையில் பட்டென்று வைப்பார். பாதித் தண்ணீர் அவர் சட்டைக்குப் போகும்.

கணவர் வீட்டின் முன்பக்கத்திலேயே சலூன் நடத்துகிறார். வாழ்நாளெல்லாம் கண்ணாடியில் தெரியும் முகங்களோடு பேசிப் பழகியதால், யாரையும் நேருக்கு நேர் பார்த்துப் பேச அவருக்கு வராது. சலூனுக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு சிமென்ட் முற்றம், ஒரு குழாய். மாடியில் நான்.

அந்தக் கனத்த மோட்டார் சைக்கிளைத் தியேட்டரம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கினார். அவருடைய வேலை நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பழக்கதோஷத்தில் வண்டியைக் கிளப்பி ஆஸ்பத்திரி வாசல்வரை போய், உள்ளே போக வேலையில்லாமல் திரும்பி வந்தார். "அதுக்கு அந்த ஒரு ரோடுதான் தெரியுது. பாவமா இருந்துச்சு" என்றார். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார்: வண்டியைக் கப்பலில் ஏற்றிக் கடலுக்கு அந்தப் பக்கம் இறக்கி, ஒரு வருஷம் சுற்றுவது.

"அங்கேயே ஒரு வண்டி வாடகைக்கு எடுக்கலாமேக்கா?"

"எடுத்தா நான் போன மாதிரி ஆகும். இது போன மாதிரி ஆகுமா?"

கணவர் போகாதே என்று சொல்லவில்லை. நீங்களும் வாங்களேன் என்று கூப்பிட்டதற்கு மட்டும், "ஒரு வருஷம் கடையைப் பூட்டினா இந்தத் தெருத் தலையெல்லாம் வேற கடைக்குப் போயிடும்" என்று கண்ணாடியிடம் பதில் சொன்னார்.

கப்பல்காரர்களின் விதிகளையெல்லாம் தியேட்டரம்மா தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டார். டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது: "ஆபரேஷனுக்கு முன்னாடி வெறும் வயிறு." பேட்டரி வயரைக் கழற்றுவது மயக்க மருந்து. ஹேண்டில்பாரைக் கழற்றிப் பக்கத்தில் கட்டி, வண்டியை மரப்பெட்டிக்குள் பட்டை போட்டு இறுக்குவது, நோயாளி புரளாமல் இருக்க. எல்லாவற்றுக்கும் மேலே சுத்தம். இறங்கும் நாட்டில் ஒரு துளி மண், ஒரு புல் விதை இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். "அதை என்கிட்டயா சொல்றாங்க?" என்று சிரித்தார்.

வண்டி போனது. பின்னாலேயே இவரும் விமானத்தில் போனார். துறைமுகத்துப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக் காத்திருந்தார். பெட்டியைத் திறந்த அதிகாரி சீட்டைக் கழற்றினார். அதன் அடியில், சட்டத்தின் மூலையில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு குளவிக் கூடு. மண்ணால் கட்டியது. உள்ளே புழு உயிரோடு இருந்தது. இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அதிகாரி அசையவில்லை. வண்டி வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டது.

"வண்டி மட்டும் தனியா வெளிநாடு பாத்துட்டு வந்துடுச்சு" என்று சலூனில் யாரோ சொல்ல, தெரு முழுக்கச் சிரித்தது. தியேட்டரம்மாவும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு சலூன் வழியாக வெளியே போவதை விட்டுவிட்டுப் பின்வாசலைப் பிடித்தார்.

"நான் கழுவிக் கொடுத்த கத்தியால ஒருத்தருக்கும் சீழ் வச்சதில்ல தம்பி" என்றார் ஒருநாள் என்னிடம். "என்னைப் பாத்து, சுத்தமில்லன்னுட்டான்."

திரும்பி வந்த வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த வண்டியின் கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மழைக்காலம் போன பிறகு ஒரு காலையில் பார்த்தால், தார்ப்பாய் கொடியில் காய்கிறது. இவர் பச்சைத் தொப்பியோடு குந்தியிருக்கிறார்.

"தியேட்டர்ல கிருமி வந்துட்டா தியேட்டரையா இடிப்பாங்க? கழுவிட்டுத் திறப்பாங்க."

சலூனுக்கு விடுமுறை நாள் அது. நான் குழாயில் வாளியை வைத்துவிட்டு நின்றிருந்தேன். தியேட்டரம்மா மறுபடி வண்டிக்கு அடியில் தலையை விட்டுத் தேய்க்க ஆரம்பித்தபோது, கணவர் இரண்டு டம்ளர் டீயோடு வந்து வண்டியருகே குந்தினார். நான் இருப்பதை அவர் கவனித்தாரா தெரியாது. வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அதைப் பார்த்துப் பேசினார்.

"அந்தக் குளவி சீட்டுக்கு அடியில போயிட்டு வந்துட்டு இருந்ததை நான் பாத்தேன்."

பிரஷ் நின்றது. "எப்ப?"

"நீ எல்லாம் கழுவி முடிச்சுப் போர்வை போட்டு வச்சிருந்தியே, அப்ப."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எடுத்துடுவ. எடுத்துட்டா போயிடுவ."

தியேட்டரம்மா வண்டிக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தார். கை உறையைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்று நினைத்து நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. பிரஷ்ஷைக் கணவரின் உள்ளங்கையில் பட்டென்று வைத்தார்.

"சீட்டைக் கழட்டுங்க. அந்த இடத்தை நீங்க தேய்ங்க."

அவர் தேய்த்தார். இவர் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தார். "மறுபடி" என்றார். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் கணவரிடம் தியேட்டரம்மா பேசியது அந்த ஒரு வார்த்தைதான். கடை சாத்தியதும் அவர் வந்து குந்துவார்; தேய்ப்பார்; "மறுபடி." முடி வெட்டுகிறவருடைய கை அல்லவா, இண்டு இடுக்கெல்லாம் போய்வந்தது. ஒருநாள் துணியைப் பார்த்துவிட்டுத் தியேட்டரம்மா, "சரி, டீ போடட்டுமா?" என்றார். அவர் பிரஷ்ஷைக் கழுவிக் காயவைத்தார்.

பெட்டி கட்டும் கொட்டகைக்கு நானும் கூடப்போனேன். வெறும் டேங்க் என்பதால் வண்டியைத் தள்ளித்தான் ஏற்றவேண்டும். சலூன்காரர் வேலைநாளில் கடையைப் பூட்டிவிட்டு வந்து பின்னாலிருந்து தள்ளினார். பட்டைகளை இறுக்கிப் பலகையைத் தூக்கிய மேஸ்திரி, "அம்மா, ஆணி அடிச்சிடலாமா?" என்றார்.

"இருங்க மேஸ்திரி" என்றது கணவர். டார்ச்சை வாங்கிப் பெட்டிக்குள் தலையை விட்டார். நெடுநேரம் கழித்து வெளியே வந்தார். "இப்ப அடிங்க."

தியேட்டரம்மா மறுபடி விமானமேறிப் போய் வாரங்கள் ஓடின. கணவர் சட்டைப்பையில் இருந்த போன் இப்போது கண்ணாடிக்கு முன்னால், சீப்புகளுக்கு நடுவில் நின்றது. அது ஒலித்தபோது நாற்காலியில் நான் இருந்தேன், ஒரு பக்கம் வெட்டிய தலையோடு. திரையில் பெரிய கொட்டகை ஒன்று, பிரித்த மரப்பலகைகள், நடுவே தியேட்டரம்மா.

"பாத்தாச்சு. விட்டுட்டாங்க."

"சீட்டுக்கு அடியில பாத்தாங்களா?"

"முதல்ல அங்கதான் டார்ச் அடிச்சான்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிட்டான்."

"நல்லாத் தேய்ச்சிருக்கீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல?" கணவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "என்ன ஆளு அவன்!"

தியேட்டரம்மா சிரித்தார். ஹேண்டில்பாரைப் பூட்டி, பெட்ரோல் ஊற்றி, வயரை மாட்டியாகிவிட்டது, மயக்கம் தெளிகிறதா என்று பார்க்கப்போவதாகச் சொன்னார். உதைத்தார். இருமியது. இன்னொரு உதை. பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் போனை அணைக்க மறந்து, அப்படியே பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. திரை இருண்டது. சத்தம் மட்டும் நகர ஆரம்பித்தது. கொட்டகையின் எதிரொலி போய், வெளிக்காற்று வந்தது.

சலூன்காரர் முடிவெட்டும் மெஷினை நிறுத்தினார். நடந்துபோய் மின்விசிறியையும் நிறுத்தினார். போனைக் காதோடு வைத்துக்கொண்டு வந்து என் பின்னால் நின்றார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அவர் என் தோளில் கையை வைத்து, மெல்ல அழுத்தினார்.