தாம்பாளத்தில் ஒரு மட்டக்கம்பு

போன ஞாயிற்றுக்கிழமை அக்கரப்பத்தனையில் ஒரு நிச்சயதார்த்தம். பெண் மேகலா, என் பக்கத்து வீட்டுப் பார்வதி அக்காவின் ஒரே மகள். மாப்பிள்ளை சுதன், யாழ்ப்பாணத்துக்காரர். இருவரும் கொட்டகலையில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள். காதல்தான்... வேறென்ன?

மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். பழம், பூ, சேலை, இனிப்பு. எனக்கும் திருப்தி. வரிசை கோணினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கடைசித் தாம்பாளத்தை மூடியிருந்த பட்டுத் துணியை விலக்கினார்கள் – உள்ளே ஒரு கம்பு!

வார்னிஷ் பூசி, இரு முனையிலும் சிவப்பு ரிப்பன் கட்டி, பொலிஸ்காரர் கைத்தடி போலத் தடிப்பாக...

"என்ன தம்பி இது?" பார்வதி அக்காவின் குரல் மாறியிருந்தது.

"மட்டக்கம்பு, அம்மா. அந்தக் காதல் பாட்டிலை வாறது" என்றார் சுதன்.

"இதுவா? இவ அப்பா கையில இருந்த கம்பு மாதிரியில்ல இருக்கு! அவரு போய்ச் சேர்ற வரைக்கும் நான் வாங்குனது போதும். எம் மகளுக்கும் அதுதான்னா, தட்டுகள எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

"நான் அப்பவே சொன்னனான், மோதிரம் போதுமெண்டு" என்று சுதனின் தாய் முணுமுணுத்தார்.

அந்தப் பாட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஹட்டன் பஸ்களில் இப்போது வேறு பாட்டே கிடையாது. ஆனால் காதல் பாட்டுக்கு 'மட்டக்கம்பு' என்றா பெயர் வைப்பார்கள்? சண்டைப் பாட்டா என்று கொழும்பு நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

கொழுந்தெடுக்கும் பெண்கள் தேயிலைச் செடியின் மேல் குறுக்காக வைக்கும் மெல்லிய, நீளமான கம்பு அது. அதற்கு மேலே நிற்கும் கொழுந்தைத்தான் கிள்ளுவார்கள். சாப்பிடப் போகும்போது அதைத் தன் நிரையில், அதாவது தனக்கென்று பிரித்துக் கொடுத்த செடி வரிசையில், வைத்துவிட்டுப் போனால், வேறு யாரும் அங்கே கை வைக்கமாட்டார்கள். பாட்டில் வரும் பெண், வெளியூருக்கு வேலைக்குப் போகும்போது காதலனின் மனசில் அப்படியொரு கம்பை வைத்துவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான்.

சுதனுக்குப் பாட்டு தெரியும், கம்பைப் பார்த்ததில்லை. தச்சரிடம் போயிருக்கிறார்... தச்சரும் பார்த்ததில்லை!

சுதன் எழுந்து நின்றார். "அம்மா, அடிக்கிறதுக்கு இல்லை. நிரை நான். கம்பு மேகலாவின்ரை. வேறை ஆரும் கிட்ட வரேலாது எண்டு சொல்லத்தான்..."

பார்வதி அக்கா அவரையே பார்த்தார்.

"அப்ப கம்பு அவ கையில?"

"ஓம்."

"கல்யாணத்துக்கு அப்புறமும்?"

"ஓமம்மா."

"சண்டை வந்தா?"

சுதன் ஒருமுறை தன் தாயைப் பார்த்துக்கொண்டார். "...ஓம்."

மேகலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பார்வதி அக்கா தாம்பாளத்தை அவள் பக்கம் தள்ளினார். "வாங்கிக்கடி. பத்தரமா வச்சுக்க."

இன்று காலையில் எட்டிப் பார்த்தேன். மேகலா அதைக் கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டிருக்கிறாள் – அவ்வளவு தடிப்பான கம்புக்கு ஒரு வீட்டில் அதைவிட நல்ல வேலை ஏது?