அன்று வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை

தொண்ணூறுகளின் நடுவில், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். அப்போதுதான் ஊருக்குள் ஆங்கிலப் பள்ளி வேன் வர ஆரம்பித்திருந்தது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் கடைசியாகச் சேர்ந்த என்னைத்தான் வள்ளியூர்ப் பக்கம் தூக்கியடிப்பார்கள். வீட்டில் கைக்குழந்தை வேறு. அந்தப் பயத்திலேயே நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தொழுநோய்ப் பரிசோதனைக்கு வருவதாகத் தகவல் வந்தது. என் நான்காம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் இருந்தது. அந்த இடத்தில் கிள்ளினாலும் வலிக்காது என்று அவளே சிரித்துக்கொண்டு காட்டியிருக்கிறாள். அது தொழுநோயாக இருக்கலாம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 'பெருவியாதி' என்ற ஒரு சொல் வெளியே போனால் மறுநாளே பாதி வகுப்பு வேன் ஏறிவிடும். உடம்பு சுடுகிறது என்று சொல்லி, அவர்கள் வரும் நாள் காலையிலேயே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

வந்த ஆய்வாளர் கெட்டிக்காரர். வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு பிள்ளை குறையுதே டீச்சர்" என்றார். பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று கூசாமல் பொய் சொன்னேன். பாவம், அவர் எத்தனை ஊரைத்தான் பார்ப்பார். நம்பிப் போய்விட்டார்.

பல மாதம் கழித்து, அவள் தம்பிக்குத் தடுப்பூசி போடப் போன கிராம நர்ஸ்தான் அவள் கையைப் பார்த்திருக்கிறார். அதற்குள் சுண்டுவிரல் மடங்கிவிட்டது. மாத்திரை அட்டையை மாதாமாதம் இலவசமாகவே கொடுத்தார்கள். தேமல் மறைந்தது, விரல் நிமிரவில்லை. முன்னாலேயே கண்டுபிடித்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று நர்ஸ் என்னிடமே சொன்னார். விஷயம் ஊருக்குள் கசிந்தது. ஆனாலும் ஒரு பிள்ளைகூடப் பள்ளியை விட்டுப் போகவில்லை.

ஒருநாள் வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு எம் பிள்ளைய எல்லாரு முன்னாலயும் நிறுத்தி அசிங்கப்படுத்தியிருப்பாவ. நீங்கதான் டீச்சர், பைய வீட்டுக்கு அனுப்பி மானத்தக் காப்பாத்துனிய" என்றார். பக்கத்தில் அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அவளை வீட்டுக்கு அனுப்பியதைக்கூடப் பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நன்றியை வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேனே, அதற்கு இன்றுவரை என்னிடம் ஒரு சமாதானமும் இல்லை.